சுண்ணம் இடித்த பாட்டை நீ பாதியில் விட்டாய்

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க முடியவில்லை. நேற்றும் உன் குரலைக் கேட்டேனே. உனக்கு அங்கே லண்டனில் இரவு, எனக்கு இங்கே மொன்றியலில் விளக்கு வைக்கிற நேரம். சாமி அறையில் விளக்கேற்றிவிட்டுக் குசினி மேசையில் அன்றைய வீட்டுச் செலவை எழுதிக்கொண்டே உன் வானொலி நிகழ்ச்சியை முழுவதும் கேட்டேன். உனக்கு மூக்கடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எவ்வளவு பகிடி விட்டாலும் அதை மறைக்க முடியாது. இஞ்சியும் மல்லியும் அவித்துக் குடி. சுகம் விசாரிப்பது இவ்வளவுதான். இனி எழுதப் போவதெல்லாம் கோபம்.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் எங்கள் கோவில் மலரில் போடக் கொடுத்திருக்கிறேன். மலருக்குப் பொறுப்பானவர் தயங்கினார். "அக்கா, இது உங்கட வீட்டு விசயம். யோசிச்சுத் தாங்கோ" என்றார். "வீட்டு விசயத்தை ஊரெல்லாம் கேட்கப் போட்டது அவன். நான் கோவிலுக்கு வாற ஆக்கள் பார்க்கத்தானே போடுறன்" என்றேன். அவர் தாளை வாங்கிக்கொண்டார். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் எனக்குத் தெரியும். மனதுக்குள் வாசிக்க உனக்கு வராது. எழுத்துக் கூட்டி, வாய்விட்டுத்தான் வாசிப்பாய். அப்படியே வாசி. தங்கச்சிக்குப் போன் எடுத்து, "சுருக்கமாச் சொல்லு, அம்மா என்ன எழுதியிருக்கிறா" என்று கேட்காதே. இதில் சுருக்கம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் தொழிலை நான் மதிக்காதவள் அல்ல. பாட்டுப் போடுகிறதும் ஒரு வேலையா என்று என் காதுபடக் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். உனக்கு அது தெரியாது, ஏனென்றால் நீ இங்கே இருக்கவில்லை. நீ கல்லூரி வானொலியில் முதன்முதலாகப் பேசத் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார். நாங்கள் அப்போதுதான் மொன்றியலுக்குள்ளேயே பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்து லாசாலுக்கு வீடு மாறி வந்திருந்தோம். அந்த வானொலி எங்கள் வீட்டுக்குள் கரகரவென்று இரையும், ஒரு சொல்லும் பிடிபடாது. அப்பாவின் காரில் மட்டும் தெளிவாகக் கேட்கும். அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிற வேலை முடிந்து வருவார். வந்தால் மேலே ஏற மாட்டார். கீழே காரை நிறுத்திவிட்டு, குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு, உன் நிகழ்ச்சி முடியும்வரை அதற்குள்ளேயே இருப்பார். எண்ணெய் வீணாகும் என்று எஞ்சினையும் நிறுத்திவிடுவார். கண்ணாடி முழுக்கப் பனி பிடித்து வெள்ளையாகிவிடும். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்த் தட்டினால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவார்.

"என்ன போட்டவன்?" என்று கேட்பேன்.

"எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை. தகரத்திலை ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. ஆனா ஒண்டு கவனிச்சனான், பாட்டு முடிஞ்ச உடனை பாடினவன்ர பெயரைச் சொல்லுறான், மேளம் அடிச்சவன்ர பெயரைச் சொல்லுறான், எந்த ஊரிலை வச்சுப் பதிஞ்சது எண்டும் சொல்லுறான். ஒருத்தரையும் விடேல்லை."

இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சந்தையில் அவருடைய பெயரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. கைதட்டித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்கிற பிள்ளையைப் பெற்றுவிட்டேன் என்று அந்தக் குளிரில் இருந்து மனுசன் சந்தோசப்பட்டார்.

அப்படிப்பட்ட வீட்டைத்தான், போன வருடம் ஒரு பேட்டியில், இசையே இல்லாத வீடு என்று சொன்னாய். நான் வளர்ந்த வீட்டில் பாட்டு இல்லை, பிரார்த்தனை மட்டும்தான் இருந்தது, நானே இசையைத் தேடிக் கண்டுபிடித்தேன் என்றாய். பேட்டி எடுத்தவர் "அப்படியா, எவ்வளவு கஷ்டம்" என்று இரக்கப்பட்டார். நீ சிரித்தாய். நான் கணக்கு எழுதிப் பழகியவள் தம்பி. ஒன்றைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் என் கண் அதில்தான் போய் நிற்கும். பிரார்த்தனை என்று நீ சொன்னதை நாங்கள் என்ன வாசித்தா செய்தோம்? பாடித்தான் செய்தோம். காலையில் நீ பல் தீட்டும்போது ஒன்று, பின்னேரம் விளக்கு வைக்கும்போது ஒன்று. எனக்கு ஒரு குருவும் சொல்லித் தரவில்லை. ஊரில் இருந்து வந்த கசெற்றைப் போட்டு, நிறுத்தி, திரும்பச் சுற்றி, மீண்டும் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுகிற வரைக்கும் பாடிப் பாடி நானே பிடித்த பண்கள் அவை. நிறுத்திச் சுற்றித் திரும்பத் திரும்பப் போடுகிற உன் வேலையை நீ எங்கே பார்த்துப் பழகினாய் என்று நினைக்கிறாய்?

ஆனாலும் அந்தப் பேட்டியை நான் பொறுத்துக்கொண்டேன். பெரிய இடத்துக்குப் போகிற பிள்ளைகள் தங்கள் வீட்டைக் கொஞ்சம் இருட்டாக்கிக் காட்டுவார்கள், அப்போதுதான் தாங்கள் பிரகாசமாகத் தெரிவோம் என்று நினைப்பார்கள். வயது போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. இது அப்பாவின் செத்தவீட்டைப் பற்றியது.

மலர் வாசிக்கிற இளம்பிள்ளைகளுக்காக ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் சைவ வழக்கத்தில், உடலை எடுப்பதற்கு முன் உரலில் வாசனைப் பொருட்களைப் போட்டு உலக்கையால் இடித்துச் சுண்ணம் செய்வோம். இடிக்க இடிக்க, அதற்கென்று உள்ள பாடலைப் பாடுவோம். அது போகிறவரை வழியனுப்புகிற பாட்டு. வேறு ஒரு சந்தர்ப்பத்திலும் வீட்டில் அதை முணுமுணுக்கவும் மாட்டோம். நான் பாத்திரம் கழுவும்போது நீ என் வாயில் எல்லாப் பாட்டையும் கேட்டிருப்பாய். அதைக் கேட்டிருக்க மாட்டாய். மனைவி பாடுகிற வழக்கமும் எங்களிடம் இல்லை. கிரியை செய்கிற ஐயா பாடுவார், அல்லது கோவிலில் பாடுகிற யாராவது பாடுவார்கள். இந்த ஊரில் ஒலிப்பதிவைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. நான் பாடியதற்குக் காரணம் அப்பா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "கசெற் போடாதை. ஆரோ, எப்பவோ, எங்கையோ பதிஞ்சு வச்ச குரலிலை என்னை அனுப்பாதை. நீ பாடு." நான் ஓம் என்றேன். நீ அப்போது கட்டிலின் மறுபக்கத்தில் நின்றாய். நீயும் கேட்டாய்.

உரலும் உலக்கையும் கோவிலில் இருந்து வந்தன. செத்தவீட்டு மண்டபக்காரப் பெண் உரலைப் பார்த்ததும் ஓடிவந்து, தரை உடையும், பக்கத்து அறையில் வேறு குடும்பம் இருக்கிறது, மெதுவாக, மெதுவாக என்று பிரெஞ்சில் சொல்லிச் சொல்லி, உரலுக்குக் கீழே மடித்த கம்பளத்தை வைத்துவிட்டாள். உன் மாமிதான் உலக்கை பிடித்தா. (அப்பாவின் தங்கை, எனக்கு மச்சாள்.) கூடப் பிறந்தவனுக்கு இடிக்கிற உலக்கையை இப்படிப் பஞ்சில் குத்துகிற மாதிரிக் குத்த வேண்டியிருக்கிறதே என்று அவவின் முகம் கோணியது. நான் பாடினேன். மூத்த பிள்ளையாக நீ வேட்டியோடு தலைமாட்டில் நின்றாய். அழவில்லை. அடிக்கடி உன் கை இடுப்புக்குப் போய் வந்தது. "வேட்டி கட்டிப் பழக்கமில்லை, அவிழ்ந்துபோகுமோ எண்டு பிடிக்கிறான்" என்று பிறகு ஆட்களிடம் சொன்னேன். எவ்வளவு நிமிர்ந்து நின்றான் என் பிள்ளை என்றும் சொன்னேன்.

பாட்டில் ஒரு வரி வந்தபோது என் குரல் போய்விட்டது. அது எல்லோரும் கேட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு சொல்லின் நடுவில் விம்மல் வந்து தொண்டையை அடைத்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. உலக்கையும் நின்றது. மச்சாள் என்னைப் பார்த்தா. பிறகு அவவே, அந்தக் கட்டைக் குரலில், நான் விட்ட சொல்லில் இருந்து எடுத்தா. அவவுக்குச் சுருதி சேராது, உனக்குத் தெரியும். பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் நானும் சேர்ந்தேன். பாட்டை முடித்து, திருச்சிற்றம்பலம் சொல்லித்தான் அப்பாவை அனுப்பினோம். வாக்குக் கொடுத்தபடி, பதிந்து வைத்த குரலில் அல்ல.

இப்போது மச்சாளின் மகளுடைய கலியாணத்துக்கு வருகிறேன். நீ வரவில்லை, அன்று உனக்கு எங்கோ கச்சேரி. லாவால் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. சாப்பாடு முடிந்து விளக்கைக் குறைத்து, பாட்டுப் போடுகிற பொடியன் பிரெஞ்சில் வேகமாக ஏதோ அறிவித்தான். உன் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. வானொலியில் நீ மற்றவர்களின் பாட்டைத்தான் போடுவாய்; நீயே செய்கிற ஆட்டப் பாட்டுகளை நான் அதுவரை கேட்டதில்லை. பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தேன். முதலில் ஒரு இடிச் சத்தம் மட்டும் வந்தது. எனக்குத் தெரியவில்லை. மச்சாளுக்குத்தான் முதலில் தெரிந்தது. கையில் இருந்த சர்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மடியில் இருந்த தன் கையைப் பார்த்தா. அந்தத் தாளத்தை இடித்த கை அது.

அதன் பிறகு என் குரல் வந்தது.

அந்த வரி. அந்தச் சொல். அந்த விம்மல். அதோடு எல்லாம் நின்றது. அந்த அமைதியில், மண்டபத்தில் இருந்த இளம்பிள்ளைகள் எல்லோரும் கையை மேலே தூக்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அடுத்தது என்ன வரும் என்று. காத்திருந்தார்கள். காலுக்குக் கீழே தரை அதிர்கிற மாதிரி ஒரு அடி விழுந்தது, எல்லோரும் குதித்தார்கள். திரும்ப அதே வரி, அதே விம்மல், அதே அமைதி. திரும்பக் கை தூக்கினார்கள். என் புருசனை அனுப்பும்போது எனக்குத் தொண்டை அடைத்த அந்த இடம்தான் உன் பாட்டில் ஆட்கள் குதிக்கிற இடம் என்று, மச்சாளின் மகளுடைய கலியாணத்தில், பட்டுச் சேலையோடு இருந்து தெரிந்துகொண்டேன்.

"மச்சாள், இது..." என்றேன்.

"வாயைத் திறக்காதேங்கோ" என்றா மச்சாள். "சிரிச்ச மாதிரி இருங்கோ. சம்பந்தி பார்க்கிறா."

எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கலியாண மண்டபத்தில் செத்தவீட்டுப் பாட்டு என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் ஊர் அதையே காரணமாகச் சொல்லும். மணப்பெண் வியர்த்து ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமி, வாங்கோ ஆட. மச்சான்ர பாட்டு, தெரியேல்லையோ? இதைப் போடாட்டி நான் இறங்க மாட்டன் எண்டு சொன்னனான்." அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. அப்பாவின் செத்தவீட்டில் அவள் சின்னப் பிள்ளைகளை வெளியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவள். உள்ளே நடந்ததை அவள் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்து சம்பந்தி அம்மா என் பக்கம் சாய்ந்து, "உங்கட மகனோ? நல்ல பக்தியாக் கிடக்கு. கெட்டிக்காரப் பொடியன்" என்றா. படம் எடுக்கிற தம்பி வந்தான். "அன்ரி, ரெண்டு பேரும் கொஞ்சம் கிட்ட வாங்கோ. ஆ, அப்பிடித்தான்." அந்தப் படம் கலியாண அல்பத்தில் இருக்கிறது. நானும் மச்சாளும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். வந்தால் பார்.

அடுத்த நாள் காலை உனக்குப் போன் எடுத்தேன். நமக்குள் நடந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். நீ உன் பேட்டிகளில் இதைச் சொல்லும்போது வேறு மாதிரிச் சொல்வாய்.

"அம்மா, போட்டவங்களாம், தங்கச்சி சொன்னாள். கேட்டனீங்களோ? எப்பிடி இருந்தது?"

"என்ர குரல் உன்னட்டை எப்பிடி வந்தது?"

"ரெக்கோர்ட் பண்ணினனான். போன் வேட்டிக்குள்ளை இருந்தது."

"கொள்ளி வைக்கப் போற பிள்ளை இடுப்பிலை போனோடையோ நிண்டனி?"

"அம்மா, எல்லாரும் அழுதீங்கள். எனக்கு வரேல்லை. எனக்குச் செய்யத் தெரிஞ்சது அது ஒண்டுதான்."

"சரி. அழுகை வராமல் பதிஞ்சனி. அதை நான் குறை சொல்லேல்லை. பேந்து ஏன் ஊருக்குப் போட்டனி?"

"இட்ஸ் அ ட்ரிபியூட், அம்மா. அப்பாவுக்காகத்தான். எத்தினை பேர் எனக்கு எழுதுகினம், தெரியுமோ?"

"என்னட்டைக் கேட்டனியோ?"

"கேட்டா ஓம் எண்டு சொல்லியிருப்பீங்களோ?"

"மாட்டன்."

"அப்ப?"

அந்த "அப்ப"வில் நான் போனை வைத்தேன். இன்றுவரை அது என் காதில் நிற்கிறது. கேட்டால் இல்லை என்பார்கள், ஆகவே கேட்கக் கூடாது. கள்ளனும் இப்படித்தான் யோசிக்கிறான், தம்பி. ஒருவருடைய வாயில் இருந்து "இல்லை" வரும் என்று தெரிந்தால், அதைக் கேட்கிற கடமை இன்னும் கூடுகிறது. உன்னோடு நாளைக்கு ஒரு பெண் வாழ வருவாள், பிள்ளைகள் வரும். "கேட்டால் ஓம் என்பாளா" என்ற கணக்கில் அவளோடும் நடந்தாயானால், உன் பாட்டை ஊரே ஆடினாலும் உன் வீட்டில் உன்னோடு ஒருவரும் கதைக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னும் ஆத்திரம் தருவது, உன் இரண்டு முகம். உன் நிகழ்ச்சியை நான் எத்தனை வருடமாகக் கேட்கிறேன். வானொலியில் நீ எவ்வளவு நேர்மையானவன். பாட்டு முடியும்முன் பேச மாட்டாய். கடைசிச் சத்தம் அடங்கும்வரை காத்திருப்பாய். ஒருமுறை செய்தி நேரம் நெருங்கியபோது, "இந்தப் பாட்டை வெட்ட மாட்டேன், செய்தி காத்திருக்கட்டும், பாடியவருக்கு அந்த மரியாதையாவது தர வேண்டும்" என்று சொல்லி முழுவதும் ஓடவிட்டாய். செய்தி வாசிக்கிறவர் கோபித்துக்கொண்டார் என்று அடுத்த நாள் பகிடியாகச் சொன்னாய். நான் அன்று விளக்குக்கு முன்னால் நின்று, என் பிள்ளைக்கு இந்தப் புத்தியைக் கொடுத்தாயே என்று நன்றி சொன்னேன். எங்கோ ஒரு தீவில் இறந்துபோன மேளக்காரனுடைய பெயரைத் தேடிப் பிடித்துச் சொல்கிறாய். அவனுக்குக் கிடைத்தது என் மச்சாளுக்குக் கிடைக்கவில்லை. உன் பாட்டின் விவரத்தில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. உலக்கை பிடித்தவ யார், பாடியது யார், எங்கே, எதற்காக, ஒன்றும் இல்லை. பனி பிடித்த காருக்குள் இருந்து அப்பா கேட்டுச் சந்தோசப்பட்ட அந்தப் பிள்ளை எங்கே போனான்?

நல்லதையும் எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது. கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள், வீட்டில் தனியாக, கதவைச் சாத்திவிட்டு உன் பாட்டை நானே போட்டுக் கேட்டேன். தங்கச்சியின் அந்தப் பெரிய காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். உலக்கைச் சத்தம் எனக்கு நெஞ்சில் விழுந்தது. அன்றைக்குக் கம்பளத்தின் மேல் பயந்து பயந்து குத்தினோமே, அந்தச் சத்தத்தை நீ எங்கிருந்து இவ்வளவு பெரிதாக எடுத்தாய்? அப்பாவுக்கு இடிக்க வேண்டிய மாதிரி நீ இடித்திருக்கிறாய். அதைக் கேட்டபோது உன்மேல் கோபப்பட முடியவில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு என் குரல் வந்தது, விம்மல் வந்தது, நின்றது, திரும்பத் தொடங்கியது. எனக்குள் ஏதோ பதைத்தது. எது பதைத்தது என்று எனக்கே பெயர் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பெயர் சொன்னவ சம்பந்தி அம்மா. மச்சாளால் நெஞ்சில் வைத்திருக்க முடியவில்லை. மாதங்கள் போனபின், பிள்ளைகள் சந்தோசமாக இருப்பதைப் பார்த்துத் தைரியம் வந்து, அவவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. நானும் அங்கே இருந்தேன். என்ன பேச்சு வாங்கப் போகிறோமோ என்று பயந்தேன். அவ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பிறகு கேட்டது ஒன்றுதான்:

"பேந்து முடிச்சனீங்களோ?"

"என்னத்தை?"

"பாட்டை. அவர் போகேக்கை முழுக்கப் பாடி முடிச்சனீங்கள்தானே?"

"ஓம். மச்சாள் எடுத்து, எல்லாருமாச் சேர்ந்து முடிச்சம்."

"அப்ப ஏன் பிள்ளை அதை முடிக்காமல் விட்டவன்?"

அதுதான் தம்பி. அதுதான் என்னைப் பதைக்க வைத்தது. நீ எடுத்ததை விட, கேட்காமல் எடுத்ததை விட, ஆடுகிறவர்கள் கை தூக்கியதை விட அதுதான். சாமிப் பாட்டைத் தொடங்கினால் முடிக்க வேண்டும் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்தேன். பள்ளிக்கூட பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தாலும் கடைசி வரியைச் சொல்லிவிட்டுத்தான் ஓடுவாய். சப்பாத்து நாடா கட்டாமல், வாயில் அந்த வரியோடு ஓடுவாய். சாதாரணப் பாட்டுக்கே அப்படி. இது போகிற மனுசனை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற பாட்டு. நாங்கள் விட்டோம். நீ அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து, என் தொண்டை அடைத்த அந்தச் சொல்லிலேயே வைத்துச் சுற்றுகிறாய். ஒவ்வொரு மண்டபத்திலும், ஒவ்வொரு இரவும், அப்பா வாசலுக்குப் போகிறார், நான் விம்முகிறேன், நீ அவரைத் திரும்பக் கட்டிலுக்குக் கொண்டுவருகிறாய். அடுத்தவர்களின் பாட்டுக்காகச் செய்தியையே காக்க வைத்த உனக்கு, உன் தகப்பனுடைய பாட்டை முடிக்க நேரம் இருக்கவில்லை.

உனக்கு அழ வரவில்லை என்றாய். நம்புகிறேன். ஒருவேளை அவர் போவதை நீ விரும்பாமல்தான் அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறாயோ என்றும் யோசித்தேன். அப்படியென்றால் எனக்கு விளங்கும். நானும் அவருடைய குல்லாவை இன்னும் கதவுக்குப் பின்னால் கொழுவித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் குல்லாவை நான் ஒருவருக்கும் ஆடப் போட்டுக் கொடுக்கவில்லை. போக விடத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து தெரியாமல் இரு. மேடையில் வைத்துத் தெரியாமல் இருக்காதே.

இந்தக் கோடையில் நீ மொன்றியலுக்கு வருகிறாய் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய துறைமுகப் பக்கம், திறந்த வெளியில், நுழைவுச் சீட்டு இல்லாமல். கடைசியாக அந்தப் பாட்டைத்தான் போடுவாய் என்று தங்கச்சி சொல்கிறாள். உலக்கையை வைத்துக்கொள். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. மச்சாளும் கேட்கவில்லை, அவவின் பெயரைச் சொன்னால் போதும். என் குரலை எடுத்துவிடு. எடுக்க மனமில்லை என்றால் முழுவதையும் போடு. நான் விம்மியதைப் போட்டால், மச்சாள் எடுத்ததையும் போடு. அவவின் சுருதி சேராத குரலையும், பின்னால் நின்ற பெண்களையும், கடைசியில் வந்த திருச்சிற்றம்பலத்தையும் போடு. அதெல்லாம் உன் போனில் இருக்கும், இடுப்பைத் தொட்டுத் தொட்டு நின்றவன்தானே நீ. போட்டு முடித்து, கடைசிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, உன் வானொலியில் சொல்கிற மாதிரியே சொல். பாடியவர்கள் யார், இடித்தது யார், எங்கே பதிந்தது, யாருக்காக. அப்பாவின் பெயரைச் சொல். சந்தையில் கைதட்டிக் கூப்பிட்ட ஊருக்கு அது ஒருமுறை ஒலிபெருக்கியில் கேட்கட்டும்.

இதில் எதையும் செய்ய மாட்டேன் என்றாலும் நான் வருவேன். மச்சாள் வருவா. சம்பந்தி அம்மாவும் வருகிறாவாம், உட்கார மடக்குகிற கதிரை கொண்டுவரலாமா என்று கேட்டா. "பியர்க் கோப்பைக்கு நடுவிலை நிண்டோ மச்சாள் சாமிப் பாட்டுப் பாடப் போறீங்கள்?" என்று மச்சாள் கேட்டா. "அவன் நிப்பாட்டி வச்சிருக்கிற இடம் அதுதானே. அங்கை போய்த்தான் எடுக்க வேணும்" என்றேன்.

முன்வரிசையில் நிற்போம். உனக்கு எங்களைத் தெரியும். அந்தக் கூட்டத்தில் சேலை கட்டி நிற்பவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வரி வரும். என் விம்மல் வரும். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியை நீதான் உண்டாக்கி வைத்திருக்கிறாய், எனக்கு வசதியாக. அந்த அடியை நீ விழ விடுவதற்கு முன், நான் விட்ட சொல்லில் இருந்து எடுத்து, அப்பாவுக்கு மீதியைப் பாடி முடிப்பேன். எனக்கு மைக் தேவையில்லை.

அது முடிந்ததும் லாசாலுக்கு வீட்டுக்கு வா. என் முகத்தில் கோபம் இருக்கும், அதைப் பார்க்காத மாதிரிச் சாப்பிடு.

அம்மா